குடிவழி வரும் குடல்நோய்

மரபியல் என்னும் சொல் தமிழ் பயில்வோர்க்குப் புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு அதுவே பெயர். உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் முதலியன வழிவழியாக வழங்கிவரும் முறைமையை அவ்வியல் எடுத்துரைக்கின்றது. இன்றைய அறிவியல் மாணவரோ அதே சொல்லை வேறொரு பொருளில் ஆள்கின்றனர். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு உடற்கூறுகள் இறங்கிவரும் நெறியை ஆராயும் துறை அவர்களுக்கு மரபியல். இப்பொருளில் அமைந்த ஒரு மருத்துவச் செய்தியைத் தமிழ்த்துறையின் மலரில் எழுத முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட நோயில் மருத்துவரின் கத்திக்கு முன்னதாகச் செல்ல வேண்டியது குடும்பத்தாரின் வாய்ச்சொல். தந்தை தம் நோயைப் பிள்ளைகளிடம் கூறியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று துணிந்து சொல்லத்தக்க நோய்கள் சிலவே. அவற்றுள் இஃது ஒன்று.

குடும்பவழி அடினோமா பாலிப் நோய் என்பது அதன் முழுப்பெயர். மருத்துவர்கள் எஃப்.ஏ.பி. எனச் சுருக்கி வழங்குவர். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள உறுப்பு. இந்நோய்க்குரிய மரபணுவோடு பிறந்த குழந்தைக்கு அக்குடல் பிறக்கும்போது குறைவின்றியே இருக்கும். பதின்பருவத்தில், சராசரியாகப் பதினாறு வயதளவில், அதன் உட்சுவரில் சிறுசிறு சதை மொட்டுகள் அரும்பத் தொடங்குகின்றன. இவையே பாலிப் எனப்படுவன. முதலில் இரண்டொன்றாகத் தோன்றி, நாளடைவில் நூற்றுக்கணக்காகி, சிலர்க்கு ஆயிரக்கணக்காகவும் பெருகி, குடலின் உட்புறத்தை விரிப்புப்போல் மூடிவிடும். தனியொரு பாலிப் புற்றுநோயன்று. பெரும்பாலானவை தீங்கின்றியே இருந்துவிடும். ஆயினும் இத்துணை எண்ணிக்கையில் இருக்குங்கால் அவற்றுள் ஏதேனும் ஒன்று புற்றாக மாறுதல் ஏறத்தாழ உறுதி. அறுவை செய்துகொள்ளாதோருள் 21 வயதிற்குள் நூற்றுக்கு 7 பேருக்கும், 45 வயதிற்குள் 87 பேருக்கும், 50 வயதிற்குள் 93 பேருக்கும் பெருங்குடற் புற்றுநோய் வந்துவிடுகின்றது. புற்று தோன்றும் சராசரி வயது 39. பிள்ளைகள் பள்ளியில் பயிலும் பருவத்திலேயே தந்தையோ தாயோ மறையும் குடும்பங்களை இந்நோய் உண்டாக்கியமைக்கு இவ்வெண்களே விளக்கம்.

பத்தாயிரம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் இந்நோயோடு பிறக்கின்றனர். பெருங்குடற் புற்றுநோயாளர் அனைவருள்ளும் இவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இத்துணை அரிய நோயைப் பற்றி அனைவரும் அறியவேண்டுவது ஏன் என்று கேட்கலாம். அரிதாயிருப்பதே இதன் ஆபத்து. மலத்தில் குருதி கண்ட இளைஞர் ஒருவர் வீட்டிற் கூறினால், அது மூலம் என்றும், உடற்சூடு என்றும், உண்ட காரத்தின் விளைவு என்றும் முடிவுகட்டிவிடுகின்றோம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்விளைஞரின் தந்தை நாற்பது வயதில் ‘வயிற்றுக் கட்டி’யால் இறந்தவர், அத்தை முப்பத்தைந்தில் அதே போன்று சென்றவர் என்னும் செய்தி அவ்வீட்டில் யாருக்கேனும் நினைவிருந்தால், மூலம் என்னும் முடிவு சோதனையின்றி ஏற்கத்தக்கதன்று. மேலும் பாலிப்புகள் தோன்றிப் பல ஆண்டுகள் வரை எவ்வகை அறிகுறியும் இல்லாதிருத்தலே இந்நோயின் இயல்பு. குருதிப்போக்கு, வயிற்றுவலி, மலங்கழிக்கும் முறையில் மாற்றம், சோகை, உடல் மெலிவு ஆகியவை வெளிப்படும்வரை காத்திருந்தோருள் பலர்க்கு அப்போதே புற்று வேரூன்றியிருக்கும்.

இந்நோய் இறங்கிவரும் நெறியைச் சற்று விரிவாகக் காண்போம். தவறான எண்ணங்கள் மிகுதியும் நிலவுவது இங்கேதான். நம் உடலில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று தந்தை தந்தது. மற்றொன்று தாய் தந்தது. ஏ.பி.சி. எனப் பெயரிய மரபணுவின் ஒரு படி பழுதுபட்டிருந்தாலே இந்நோய் உண்டாகும். ஆதலின் இதனை ஓங்குபண்பு நோய் என்பர். நோயுற்றவர் தம் பிள்ளைக்கு நல்ல படியையும் தரலாம். பழுதுற்ற படியையும் தரலாம். நாணயத்தைச் சுண்டிவிடுவது போன்றதே அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. முன்பிறந்த பிள்ளைக்கு வந்துவிட்டமையால் அடுத்ததற்கு வாராது என்றோ, மூன்று பிள்ளைகள் தப்பினமையால் நான்காவது பிள்ளைக்கு வந்தே தீரும் என்றோ கணக்கிடுதல் பொருந்தாது. ஆண், பெண் என்னும் வேறுபாடும் இதற்கில்லை. முகச்சாயல் தந்தையைப் போன்றிருப்பவருக்கே தந்தையின் நோயும் வரும் என்று முதியோர் சிலர் கூறக் கேட்கின்றோம். சாயலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பழுதுற்ற படியைப் பெறாத பிள்ளை அதனைத் தன் மக்களுக்குத் தரவும் இயலாது. அக்கிளையில் நோய் அத்தோடு நின்றுவிடும்.

குடும்பத்தில் முன்னர் எவர்க்கும் இல்லாதிருந்தும் ஒருவர்க்குப் புதிதாக இம்மாற்றம் தோன்றுவதும் உண்டு. நோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இத்தகையோர். அவரிலிருந்து அக்குடும்பத்தின் நோய் வரலாறு தொடங்குகின்றது.

உறவில் திருமணம் செய்வதால் இந்நோய் வருமா என்பது நம் நாட்டில் தவறாது எழும் வினா. ஏ.பி.சி. மரபணுவால் வரும் நோயைப் பொறுத்தவரை, இல்லை என்பதே விடை. ஒரே படி போதுமாதலின், மணமகள் அத்தை மகளாயினும் அயலூர்ப் பெண்ணாயினும் பிள்ளைக்குள்ள வாய்ப்பு அதே இரண்டில் ஒன்றுதான். இரு வீட்டாரும் நோயுடைய ஒரே வழியினராய் இருந்தாலன்றி வேறுபாடில்லை. ஆனால் இதனோடு தோற்றத்தில் ஒத்த வேறொரு நோய் உண்டு. 2002இல் பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள், நதா அல்-தஸ்ஸான் என்னும் அறிவியலாளரை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை ஒன்றில் அதனை வெளிப்படுத்தினர். எம்.யூ.டி.ஒய்.எச். என்னும் மரபணுவின் இரண்டு படிகளும் பழுதுபட்டால்தான் அந்நோய் வரும். இஃது ஒடுங்குபண்பு. ஒரு படி மட்டும் பழுதுற்ற தந்தையும் தாயும் பாலிப் நோயின்றி வாழ்வர். அவர்தம் பிள்ளைகளுள் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. நெருங்கிய உறவினர் மணந்துகொள்ளும்போது ஒரே முன்னோரிடமிருந்து அதே பழுது இருவரிடமும் வந்திருக்கக்கூடுமாதலின், உறவுத் திருமணம் இங்குப் பொருட்படுத்தத் தக்கதே. பிரிட்டனில் வாழும் இந்திய, பாகிஸ்தானிய வழிக் குடும்பங்களிலும் இம்மரபணுவின் மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே இருவகையையும் ஒன்றாகக் குழப்பி ‘எல்லாம் சொந்தத்தில் கட்டியதன் வினை’ என்று பழிப்பதும், ‘சொந்தத்தில் கட்டவில்லை, ஆதலின் நமக்கு வாராது’ என்று அமைதி கொள்வதும் தவறேயாகும்.

இந்நோயின் வரலாற்றில் நாம் மிகவும் மதிக்கும் பகுதி மருந்தைப் பற்றியதன்று. ஒரு பதிவேட்டைப் பற்றியது. 1882இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஹாரிசன் கிரிப்ஸ், உடன்பிறந்த இருவர்க்கு இத்தகைய பாலிப்புகள் இருத்தலைக் கண்டு எழுதினார். இது குடும்பத்தில் வருவது என்னும் எண்ணத்திற்கு அது வித்திட்டது. பின்னர் அந்நகரின் செயின்ட் மார்க் மருத்துவமனையில் பணியாற்றிய லாக்ஹார்ட் மம்மரி 1924இல் இந்நோயுடைய குடும்பங்களுக்கெனப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மூன்று குடும்பங்களின் வரலாற்றை வெளியிட்டார். அவரோடு துணைநின்றவர் நோயியல் அறிஞர் கத்பர்ட் டியூக்ஸ். மலக்குடற் புற்றின் வளர்நிலைகளை 1932இல் அவர் வகுத்த முறை அவர் பெயராலேயே நெடுங்காலம் வழங்கிற்று. மூன்றாமவர் எச்.ஜே.ஆர். பஸ்ஸி. மருத்துவப் பட்டம் பெறாதவர்; இளம்பருவத்தில் ஆய்வுக்கூட உதவியாளராக வந்து சேர்ந்தவர். அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்குடும்பங்களின் கிளைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து குறித்துவந்தார். யார் யாருக்குப் பிறந்தார், எந்த வயதில் எந்நோயால் இறந்தார், எஞ்சியிருப்போர் எவர் என்பனவே அவர் குறிப்புகள். அவற்றின் பயனாக 1975இல் அவர் எழுதிய நூல் இத்துறையில் அடிப்படை நூலாயிற்று. கொடிவழி எழுதும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. நிலத்தகராறு வந்தால் நான்கு தலைமுறைப் பெயர்களையும் நாம் ஒப்பிக்கின்றோம். நோய்க்காக எழுதினோமா என்பதே கேள்வி.

அப்பதிவேடு செய்தது எளிய செயல். ஒருவர் நோயோடு மருத்துவமனைக்கு வந்தவுடன் அவருடைய உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் அழைத்துச் சோதித்தது. விளைந்த வேறுபாடு வியப்பிற்குரியது. அறிகுறி கண்டு தாமாக வந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர்க்கு அப்போதே புற்று இருந்தது. அழைப்பின்பேரில் வந்த உறவினருள் புற்று கொண்டோர் மிகச் சிலரே. ஒரே நோய், ஒரே குருதிவழி. முன்னவர்க்கு யாரும் சொல்லவில்லை, பின்னவர்க்குச் சொல்லப்பட்டது. டென்மார்க்கு முதலிய நாடுகளில் பின்னர் ஏற்பட்ட பதிவேடுகளும் இதையே காட்டின. 1924இல் தொடங்கிய அவ்வேடு நூறாண்டைக் கடந்துவிட்டது.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் மரபியல் கற்பித்த எல்டன் கார்ட்னரின் பணியையும் குறிப்பிடல் வேண்டும். வகுப்பில் மாணவர் ஒருவர் தாம் அறிந்த ஒரு குடும்பத்தில் தலைமுறைதோறும் குடற்புற்று வருதலைக் கூற, ஆசிரியர் அதனைக் கேட்டதோடு அமையாமல் அக்குடும்பத்தைத் தேடி ஆராய்ந்தார். 1951 முதல் வெளிவந்த அவர் கட்டுரைகள், குடற்பாலிப்போடு தாடை எலும்பிலும் மண்டையோட்டிலும் எலும்புப் புடைப்புகளும், தோலுக்கடியில் கட்டிகளும் சிலர்க்கு உண்டாதலைப் புலப்படுத்தின. மிகுதியான பற்கள் முளைத்தலும் இத்தகையோரிடம் காணப்படும். ஆதலின் பல் மருத்துவர் ஒருவரே முதலில் ஐயுறவும் கூடும். கண்ணின் விழித்திரையில் பார்வைக்கு ஊறு செய்யாத கரும்புள்ளிகள் இருத்தலும் ஓர் அடையாளம். ஒரு மாணவரின் சொல்லை ஆசிரியர் செவிமடுத்தமையால் இத்துணையும் விளைந்தது என்பதைக் கல்லூரி மலரில் எழுதுவதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

மரபணு இருக்குமிடம் அறியப்பட்ட கதை சுருக்கமாகச் சொல்லத்தக்கது. 1986இல் இந்நோயுடைய ஒருவரின் ஐந்தாம் குரோமோசோமில் ஒரு துண்டு குறைந்திருத்தல் கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டில் வால்டர் பாட்மர் குழுவினர் மரபணு அக்குரோமோசோமிலேயே உள்ளது என நிறுவினர். 1991இல் அமெரிக்காவின் பெர்ட் வோகல்ஸ்டைன், ரே ஒயிட், சப்பானின் யூசுகே நாகமுரா ஆகியோரின் குழுக்கள் ஏ.பி.சி. மரபணுவையே கண்டறிந்தன. குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவன. ‘வளர்க’ என்னும் கட்டளையை உட்கருவிற்குக் கொண்டுசெல்லும் பீட்டா கேட்டனின் என்னும் புரதத்தை, ஏ.பி.சி. தரும் 2843 அமினோ அமிலங்கள் கொண்ட பெரும்புரதம் அவ்வப்போது அழிக்கச் செய்து, வளர்ச்சியை அளவோடு நிறுத்துகின்றது. பிறவியிலேயே ஒரு படி பழுதுற்றவர்க்கு, ஏதேனும் ஒரு செல்லில் எஞ்சிய நல்ல படியும் கெட்டால் தடை நீங்கிவிடும். அச்செல் மொட்டாகப் பெருகும். கோடிக்கணக்கான செல்களில் இது நூறிடங்களில் நிகழ்தல் வியப்பன்று. மரபுவழி வாராத பொதுவான பெருங்குடற் புற்றுகளிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கில் இதே மரபணு பழுதுற்றிருத்தல் பின்னர்த் தெரியவந்தது. சில குடும்பங்களின் துன்பம் உலகத்தார் பலருடைய நோயைப் புரிந்துகொள்ளத் திறவுகோலாயிற்று.

இனி, செய்யத்தக்கது யாது? நோயுடைய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு வயதிற்குள் குடல் உள்நோக்கிச் சோதனை தொடங்கி, ஓராண்டு அல்லது ஈராண்டிற்கு ஒருமுறை தொடர வேண்டும் என்பது மருத்துவ நெறி. வளையும் குழாயின் முனையில் ஒளியும் படக்கருவியும் பொருத்தி ஆசனவாய் வழியாகக் குடலுட் செலுத்திக் காண்பது அச்சோதனை. முந்தைய நாள் பேதிமருந்து உண்டு குடலைத் தூய்மை செய்வதே பெருந்தொல்லை என்பது செய்துகொண்டோர் கூற்று. குருதியில் மரபணுச் சோதனையும் இன்று நம் நாட்டில் கிடைக்கின்றது. அதனை நோயுற்றவரிடமே முதலில் செய்தல் வேண்டும். அவரிடம் குறிப்பிட்ட பழுது இன்னதெனத் தெரிந்த பின்னரே உறவினரிடம் அதே பழுதைத் தேடுதல் பொருளுடையது. முறை மாறி, உறவினர்க்கு மட்டும் செய்து ‘ஒன்றுமில்லை’ எனப் பெறும் முடிவை நம்பலாகாது. முறையாகச் செய்யப்பட்டுப் பழுதில்லை எனத் தெளிந்தவர், குழாய்ச் சோதனைத் தொல்லையிலிருந்தும் அச்சத்திலிருந்தும் விடுபடுகின்றார். சோதனை என்றாலே கெட்ட செய்தி என்று அஞ்சுவோர், பாதிப்பிள்ளைகளுக்கு அது நற்செய்தியாக அமையும் என்பதை எண்ணுவதில்லை.

பாலிப்புகள் பெருகிவிட்டால், ஒவ்வொன்றாக நீக்குதல் இயலாது. புற்று வருமுன்னரே பெருங்குடலை அகற்றுவதுதான் வழி. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ இது செய்யப்படுகின்றது. குடலை எடுத்துவிட்டால் வாழ்வது எங்ஙனம் என மலைப்பர். உணவின் சத்தைப் பெரும்பாலும் உறிஞ்சுவது சிறுகுடல். பெருங்குடலின் முதன்மைப் பணி நீரை உறிஞ்சுதல். சிறுகுடலை மலக்குடலோடு இணைத்தல் ஒருமுறை. மலக்குடலிலும் பாலிப்புகள் மிகுந்திருந்தால் அதனையும் நீக்கிச் சிறுகுடலின் கடைப்பகுதியை மடித்துப் பைபோல் தைத்து ஆசனவாயோடு இணைத்தல் மற்றொரு முறை. பார்க்ஸ், நிக்கல்ஸ் என்னும் மருத்துவர்கள் வேறொரு குடல்நோய்க்கென 1978இல் செயின்ட் மார்க் மருத்துவமனையிலிருந்து வெளியிட்ட இம்முறை, வயிற்றில் நிலையாகக் கழிவுப்பை கட்டி வாழும் நிலையிலிருந்து பலரை விடுவித்தது. நாளொன்றுக்குச் சிலமுறை மலங்கழிக்க நேரும். மற்றபடி கல்வி, தொழில், இல்லறம் எதற்கும் தடையில்லை. பையமைக்கும் அறுவையால் பெண்கள் கருவுறும் வாய்ப்புக் குறையக்கூடுமாதலின், இளம்பெண்கள் எம்முறை தமக்கு உகந்தது என மருத்துவரிடம் தாமே கேட்டறிதல் வேண்டும். தந்தையோ கணவரோ மட்டும் கேட்டு முடிவு செய்யத்தக்கதன்று.

மருந்துகள் குறித்தும் ஒரு சொல். சுலிண்டாக் என்னும் மருந்து பாலிப்புகளைச் சுருக்குவதை 1993இல் ஓர் ஆய்வு காட்டியது. செலிகாக்சிப் 1999இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென ஒப்புதல் பெற்று, 2011இல் அவ்வொப்புதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. எம்மருந்தும் அறுவைக்கு மாற்றாக இதுவரை நிலைபெறவில்லை. குடலை முற்றிலும் நீக்கும் பச்சிலை உண்டு, பாலிப்பைக் கரைக்கும் சூரணம் உண்டு என்று விளம்பரம் செய்வோரிடம் இழக்கும் காலமே உயிரின் விலையாகிவிடும். அறுவைக்குப் பின்னும் கண்காணிப்பு ஓய்வதில்லை. முன்சிறுகுடலில் பாலிப்புகள் தோன்றுவது இயல்பாதலின் இருபது, இருபத்தைந்து வயதிலிருந்து வாய்வழி உள்நோக்கிச் சோதனையும் தேவை. டெஸ்மாயிட் எனப்படும் நார்க்கட்டிகள் நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு வயிற்றில் உண்டாகும். அவை பரவுவனவல்ல எனினும் நெருக்கித் துன்புறுத்துவன.

இத்தனை வழிகள் இருந்தும் குடும்பங்கள் வாய்திறவாமைக்குக் காரணத்தை நாம் அறிவோம். பெண்ணைக் கரையேற்ற வேண்டும். பையனுக்கு வரன் பேச வேண்டும். ‘அந்த வீட்டில் புற்று உண்டு’ என்னும் பேச்சு தெருவில் பரவிவிட்டால் என் செய்வது? இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் எளிது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அயலாரிடம் மறைப்பது வேறு, சொந்தப் பிள்ளைகளிடம் மறைப்பது வேறு. நோயுற்ற தம்பி தன் அண்ணனுக்கும் அக்காளுக்கும் அவர்தம் மக்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டவன். பெரியோர்களிடம் நாம் வேண்டுவதும் இதுவே: இளவயதில் மறைந்த உறவினர் எதனால் மறைந்தார் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், ‘அதையெல்லாம் ஏன் கிளறுகிறாய்’ என்று அடக்கிவிடாதீர்கள். நீங்கள் நினைவில் வைத்திருக்கும் அச்செய்தி வேறெந்த ஏட்டிலும் இல்லை.

மாணவர்கள் ஒரு தாளை எடுத்துத் தம் உடன்பிறந்தார், பெற்றோர், பெற்றோரின் உடன்பிறந்தார், தாத்தா, பாட்டி ஆகியோர் பெயர்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே வயது, வந்த நோய், அது கண்டறியப்பட்ட வயது, மறைந்திருப்பின் மறைந்த வயது ஆகியவற்றைக் குறித்துப் பார்க்கலாம். ‘வயிற்றுக் கட்டி’, ‘குடல் அடைப்பு’, ‘இரத்தப்போக்கு’ என வழங்கும் பெயர்களை அவ்வாறே எழுதுக. ஐம்பது வயதிற்குள் இத்தகையோர் ஒருவருக்கு மேற்பட்டிருந்தாலோ, எவரேனும் ஒருவர்க்குப் பல பாலிப்புகள் இருந்தனவாகத் தெரிந்தாலோ அத்தாளோடு குடல் மருத்துவரைக் காணுதல் நன்று. அறுவைக்குப் பின் மருத்துவமனை தந்த அறிக்கை, திசுச்சோதனை முடிவு ஆகியவை பெட்டியின் அடியில் எங்கேனும் இருக்கும். இறந்தவருடையதாயினும் அவற்றை எறிந்துவிடாது வைத்திருத்தல் வேண்டும். அவ்வறிக்கையில் அடினோமா என்னும் சொல்லும் பாலிப்புகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதையே மருத்துவர் முதலில் தேடுவார்.